மேற்படி

குதைபிய்யாவில் மூன்றாம் மாடி.
குளிரூட்டியின் சொட்டுக்கு அடியில் ஒரு பெயின்ட் வாளி.
இரவு வேலை எங்களுக்கு:
பழைய தாள்களை ஒளியில் கிடத்திப் படமெடுப்பது,
ஒவ்வொன்றின் கழுத்திலும்
ஒரு குறிச்சொல்லைக் கட்டி அனுப்புவது.

ரீமா தந்த பட்டியல் திரையின் ஓரத்தில்:
முகமதியன், மகோமெத்தன், சாரசன், மூர்.
வழக்கொழிந்தவை.
படத்தில் கை வைக்காதே,
குறிச்சொல்லை மட்டும் மாற்று.

முத்துக் குளித்தவர்களின் கடன் பேரேடு,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று.
முதல் வரியில் ஜௌஹர் பின் மர்ஜான்,
எண்பத்து மூன்று ரூபாய் ஆறணா.
மதம் என்ற கட்டத்தில், சாய்ந்த எழுத்தில்,
முகமதியன்.
அதன் கீழ் முப்பத்தொரு பேருக்கும்
இரண்டு கீற்று, இரண்டு கீற்று,
ஈர மணலில் நண்டு நடந்த தடம்.
மேற்படி, மேற்படி.
பதினெட்டாம் வரியில் ஒரு சவேரியான், தூத்துக்குடி.
அவனும் மேற்படி.

எழுதிய துரைக்கு மை மிச்சம்.
எழுதப்பட்டவன் அந்நேரம்
மூக்கை இடுக்கியால் அடைத்துக்கொண்டு
பத்துப் பாக ஆழத்தில் இருந்திருப்பான்.

"நாங்க அவரக் கும்பிடுறல்ல மச்சான்"
என்றான் மஹ்சூம், தேநீரை ஊதியபடி.
"கிறிஸ்துவ வெச்சிக் கிறிஸ்தவன்,
முகம்மத வெச்சி முகமதியன்.
அவனுகள்ற கணக்கு வடிவாத்தான் இரிக்கி.
விடதான் பிழ."

பிறகு கைப்பேசியில் பிறப்புச் சான்றிதழைக் காட்டினான்.
அக்கரைப்பற்று.
தந்தையின் இனம்: இலங்கைச் சோனகர்.
அதே தாளின் ஆங்கிலப் பிரதியில் மூர்.
"இதுக்கு என்ன குறிச்சொல் போடப்போறாய்?
அழிச்சிராத. பாஸ்போர்ட் புதுப்பிக்கணும்."

தேடிப் பார்த்தேன், வேலை நேரத்தில்தான்.
மூர் என்றால் மொரோக்கோப் பக்கத்து ஆள்,
போர்த்துக்கீசியன் கப்பலில் ஏற்றிவந்து
கொழும்பில் இறக்கிய சொல்.
சோனகன், யவனன் தேய்ந்தது என்கிறார்கள்,
அதாவது கிரேக்கன்.
மஹ்சூம் இரண்டு கரையிலும் கால் வைத்ததில்லை.
அவன் கண்ட வெளிநாடு
இந்த மாடியும் இந்த வாளியும்.

ஐந்தரைக்கு முடிந்தது.
வாசலில் காவலாளி, "யா ரஃபீக், அட்டை."
நண்பா என்று பொருள்.
நண்பனை யாரும் அந்தக் குரலில் கூப்பிடுவதில்லை.
அவனுக்கு நாங்கள் இருவருமே ஹிந்தி.
முதல் வருடம் மஹ்சூம் திருத்திப் பார்த்தான்.
இப்போது அட்டையைக் காட்டுகிறான், அவ்வளவுதான்.

ரவுண்டானாவில் நகராட்சி நட்ட பூக்கள்,
ஆரஞ்சும் மஞ்சளுமாக,
சொட்டுக் குழாயின் நீளத்துக்கு.
"இதுக்கு உங்கட ஊர்ல என்ன பேர்?"

வாயைத் திறந்துவிட்டேன். துலுக்க...
சாமந்தியை நாக்கில் நிறுத்தினேன்.
துருக்கியைக் கண்டிராத என் தெரு
ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வீடுகளுக்கு வைத்த சொல்.
கடன் கேட்கப் போகையில் பாய் என்போம்,
திரும்பி வருகையில் அது.
மஞ்சளாய் ஒரு பூ பூத்தபோது
அதற்கும் மேற்படி போட்டோம்.
எந்தத் துரையும் சொல்லித் தரவில்லை.
ரீமாவின் பட்டியலிலும் இல்லை.

"செண்டுமல்லி" என்றேன்.
"மொதல்ல வேற என்னவோ சொல்ல வந்தாய்"
என்று சிரித்தான்.
கொட்டாவி வந்தது போல் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பஸ் வந்தது.
ஏறுகிற தாளில் என் பெயர் முதலில்,
நாடு: இந்தியா.
எனக்குப் பின்னால் மஹ்சூம்,
பாதி மூடிய கண்ணோடு தன் பெயரை எழுதி,
அடுத்த கட்டத்தில்
இரண்டு கீற்று போட்டுவிட்டு ஏறினான்.